செவ்வாய்க்கிழமை வர்றோம்

நிஷாலினி ஒரு காரியத்தைத் தொடங்கினால் அது சரியாகத்தான் முடியும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று அவள் புருசனுக்கும் தெரியாது, தோட்டத்துக்கும் தெரியாது. ஆனால் அவள் இடுப்பில் கைவைத்து, "நான் பார்த்துக்கிறேன்" என்று சொன்னால் எதிரே நிற்பவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோதும் அப்படித்தான் மூடிக்கொண்டார்கள். ஒரே ஒரு ஆள் தவிர.

இது கொரோனாக் காலத்தில் தொடங்கிய கதை. பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள், பாடம் போனில் வரும் என்றார்கள். பதுளைக்கும் ஹாலிஎலவுக்கும் நடுவில், மலைச்சரிவில் இருக்கும் அந்தத் தோட்டத்தில் போன் இருந்தது, சிக்னல் இல்லை. மகள் ஜெனிஷா தேயிலைக்கு நடுவே ஒரு பாறைமேல் ஏறி நின்று கணக்குப் பாடம் கேட்டாள். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்த நிஷாலினி, "இறங்கி வா, நான் சொல்லித்தர்றேன்" என்று கூப்பிட்டுவிட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் பதுளை டவுனில் ஒரு சின்னத் தனியார் பள்ளியில் இங்கிலீஷ் படிப்பித்தவள் அவள். கரும்பலகையில் சோக்கட்டி பிடித்த கை. கொரோனா போய் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது, ஸ்கூல் வேன் நின்றது. வேன் மறுபடி ஓடத் தொடங்கியபோது ஜெனிஷா தன் வயதுப் பிள்ளைகளைவிட ஒரு வகுப்பு முன்னால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். தம்பி ஜூட், பள்ளிக்கூட வாசலையே மிதிக்காமல், எழுத்துக் கூட்டிப் பேப்பர் படித்தான். அப்புறம் எதற்கு வேன் என்றாள் நிஷாலினி. வேன்காரருக்கு இரண்டு சீட் குறைந்தது, ஊருக்கு ஒரு பேச்சுக் கூடியது.

வாயை மூடிக்கொள்ளாத அந்த ஒரு ஆள் நேசராணி. நிஷாலினியின் நாத்தனார், அதாவது புருசன் ரஜீவனின் ஒரே அக்கா. பதுளையில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் உப அதிபர். அவள் காலடிச் சத்தம் கேட்டால் வராந்தாவில் ஓடுகிற பிள்ளைகள் நடப்பார்கள், நடக்கிற பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். அப்பா அம்மா போன பிறகு ரஜீவனை வளர்த்து, ஆளாக்கி, கல்யாணமும் கட்டிவைத்தவள் அவள்தான். ரஜீவன் வெலிமடையிலிருந்து கரட்டும் லீக்ஸும் ஏற்றுகிற ஒரு சின்ன லொறிக்குச் சொந்தக்காரன். மலைப்பாதையில் எந்த வளைவையும் வெட்டித் திருப்புவான், அக்கா பேச்சை மட்டும் தட்டத் தெரியாது. பிள்ளைகள் விஷயத்தில் தட்டியதும் அவன் இல்லை, நிஷாலினி.

அந்த வருச மாதா கோயில் திருவிழா அன்று நேசராணி வீட்டில் பகல் சாப்பாடு. பாதர் வந்திருந்தார், கல்வித் திணைக்களத்து ஆட்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஜெனிஷாவும் ஜூட்டும் வாசல் வழியாக நுழைந்தார்கள். யாரையும் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, நேரே புத்தக அலுமாரிக்குப் போய்விட்டார்கள். எந்த வகுப்பு படிக்கிறாய் என்று ஒரு பெரிய மனுசர் ஜெனிஷாவைக் கேட்டார். அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், எந்தப் பாடத்தில் என்று திருப்பிக் கேட்டாள். அவளைப் பொறுத்தவரை அது நியாயமான கேள்விதான். கணக்கில் ஒரு வகுப்பு, சிங்களத்தில் வேறு வகுப்பு. பெரிய மனுசருக்கு முகம் சுருங்கிப் போனது. நேசராணி ஆசையாகப் பாயாசம் கொண்டுவந்து கொடுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, உப்புக் கரிக்கிறது என்றான் ஜூட். அதோடு நிற்கவில்லை. பாதர் பக்கம் திரும்பி, அவர் உட்கார்ந்திருக்கும் கதிரையின் பின்னால் இருக்கும் படப் புத்தகம் தனக்கு வேண்டும் என்றும், அவர் இன்னும் எவ்வளவு நேரம் அங்கே இருப்பார் என்றும் விசாரித்தான்.

குசினி அடுப்படியில் நேசராணி கத்தவில்லை. கத்தியிருந்தால் நிஷாலினியும் பதிலுக்குக் கத்தியிருப்பாள்.

"படிப்பு இருக்கு நிஷா, நான் இல்லேங்கல. பழக்கம் இல்ல. நாலு மனுசரோட இருக்கத் தெரியல. அது நாலு பிள்ளைகளோட சேர்ந்து, அடிபட்டு, தானா வர்றது. நீ வீட்டுல பூட்டி வச்சு அதைச் சொல்லிக்கொடுக்க ஏலாது."

"ஏலும் அண்ணி" என்றாள் நிஷாலினி.

புருசன்மார் இரண்டு பேரும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நேசராணியின் புருசன் மாணிக்கராஜ் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சாதுவான மனுசர். அவர்தான் சமாதானத்துக்கு வந்தார். கிறிஸ்மஸ் சாப்பாட்டுக்கு இதே வீட்டுக்கு இதே ஆட்களைக் கூப்பிடுவோம், பிள்ளைகள் ஒழுங்காக நடந்துகொண்டால் இந்தப் பேச்சை அன்றோடு விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் ஜனவரியில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்றார். எங்கள் பள்ளிக்கூடத்திலேயே இரண்டு இடம் எடுத்து வைக்கிறேன் என்றாள் நேசராணி. ரஜீவன் பெஞ்சாதியைப் பார்த்தான். நிஷாலினி யோசிக்கக்கூட இல்லை, சரி என்றுவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் பாட அட்டவணையில் சிங்களத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் நடுவில் ஒரு புதுப் பாடம் முளைத்தது. 'பழக்கவழக்கம்' என்று அதற்குப் பெயர். நிஷாலினிக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. முதல் கிழமை முழுக்க அவளே விருந்தாளியாக நடித்தாள். சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு, முன்கதவால் வெளியே போய், கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வருவாள். பிள்ளைகள் எழுந்து நிற்க வேண்டும், வாங்க என்று சொல்ல வேண்டும், கதிரையைக் காட்ட வேண்டும். சரியாக வராவிட்டால் மறுபடி வெளியே போவாள், மறுபடி தட்டுவாள். தேயிலை எடுத்துவிட்டுப் போகிற பெண்கள் வேலியோரம் நின்று, இந்தப் பொம்பளைக்கு என்ன ஆச்சு, சொந்த வீட்டுக் கதவை இப்படித் தட்டுகிறாளே என்று பேசிக்கொண்டார்கள். ரஜீவன் பாவம், லொறியிலிருந்து இறங்கி வந்தவுடனே அவனைப் பாதராக்கி நாற்காலியில் உட்கார வைத்துவிடுவாள். பாதர் சில நாள் அப்படியே உட்கார்ந்தபடி தூங்கிப் போவார்.

விருந்தாளியை வரவேற்கிற பாடம் முடிந்த பிறகு விருந்துக்குப் போகிற பாடம். உள்ளே போனதும் வயதில் மூத்தவருக்கு முதலில் வணக்கம். யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போகக் கூடாது. பிஸ்கட் தட்டு வந்தால் ஒன்று, இரண்டாவது அவர்கள் சொன்னால். கடைசியாக, விடைபெறுகிற பாடம். அதுதான் நிஷாலினிக்கு மிகவும் பிடித்த பாடம், அதில் அவளுக்குச் சொந்தக் கோபமும் கொஞ்சம் கலந்திருந்தது.

கிளம்பும்போது வீட்டுக்காரர் எங்கே இருந்தாலும், குசினியில் இருந்தாலும் கிணற்றடியில் இருந்தாலும், தேடிப் போய்ச் சொல்ல வேண்டும். கூப்பிட்டதற்கு நன்றி சொல்ல வேண்டும். மனசுக்குப் பிடித்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். பிடிக்காததை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லலாம். அப்புறம், போயிட்டு வர்றோம் என்று சொல்ல வேண்டும். அதிலும் 'ஒருநாளைக்கு வர்றோம்' என்ற பேச்சு அவள் வீட்டில் கிடையாது. ஒருநாளைக்கு வர்றோம், ஒருநாளைக்கு வர்றோம் என்று சொல்லிச் சொல்லியே எத்தனையோ சொந்தக்காரர்கள் அவள் வீட்டு வாசலை மிதிக்காமல் காலம் கடத்தியிருந்தார்கள். அது அவளுக்குப் பெரிய வயிற்றெரிச்சல்.

"என்னைக்குன்னு சொல்லணும்" என்றாள். "சொன்னா, போகணும். போக மாட்டோம்னா சொல்லவே கூடாது. விளங்குச்சா?"

ஜூட்டுக்கு விளங்கியது. அவனுக்கு எதுவும் ஒருமுறை விளங்கிவிட்டால் பிறகு அதை அவன் தலையிலிருந்து எடுக்க முடியாது.

செவ்வாய்க்கிழமை செயல்முறைப் பாடம். சந்தியில் கடை வைத்திருக்கும் ரஹ்மத்தும்மா வீட்டுக்கு ஒருநாள் கூட்டிப் போனாள். பிள்ளைகள் சலாம் சொன்னார்கள், தேத்தண்ணியை வலதுகையால் வாங்கினார்கள், தொதல் இனிப்பில் ஒரு துண்டு எடுத்தார்கள். கிளம்பும்போது ஜூட் அடுப்படி வரைக்கும் போய், தொதல் நன்றாக இருந்தது, அடுத்த செவ்வாய்க்கிழமை வர்றோம் என்று சொன்னான். எல்லாரும் சொல்கிற பேச்சுத்தானே என்று ரஹ்மத்தும்மா நினைத்திருப்பார். அடுத்த செவ்வாய்க்கிழமை கொட்டுகிற மழையில் இரண்டு பேரும் குடை பிடித்துக்கொண்டு வந்து நின்றதும் அவருக்கு வாயெல்லாம் பல். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தார். ஒக்டோபர் மாதத்துக்குள் அந்தப் பக்கத்தில் ஜெனிஷாவையும் ஜூட்டையும் போல நல்ல பிள்ளைகள் இல்லை என்று பெயர் வந்துவிட்டது. கிறிஸ்மஸ் இன்றைக்கே வந்தாலும் சரி என்று இருந்தாள் நிஷாலினி.

கிறிஸ்மஸ் வரவில்லை. ஒருநாள் காலையில் போன் வந்தது. பாண் வாங்கக் கடைக்குப் போன மாணிக்கராஜ் பேக்கரி வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

நிஷாலினி பிள்ளைகளை எந்தச் சாவு வீட்டுக்கும் கூட்டிப் போனதில்லை. பிஞ்சு மனசு, பயந்துவிடும் என்று ரஹ்மத்தும்மாவிடம் விட்டுவிட்டுத்தான் போவாள். ஆனால் இது சொந்த மாமா. கூட்டிப் போகாமல் இருக்க முடியாது. லொறியின் முன்சீட்டில் பிள்ளைகளை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு, வழி நெடுகச் சொல்லிக்கொண்டே போனாள்: ஓடக் கூடாது, சிரிக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. பிள்ளைகள் தலையாட்டினார்கள். செய்யக் கூடாததையெல்லாம் சொல்லியாயிற்று என்று அவளும் இருந்துவிட்டாள். மாணிக்கராஜ் மாமா ஜூட்டுக்கு ரேடியோவைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டியவர். அவரை நினைத்து அவளே அழுதுகொண்டிருந்தாள், வேறு எதையும் யோசிக்கிற நிலையில் இல்லை.

வீதி நெடுக வெள்ளைக்கொடி. கோயில் சனம், பள்ளிக்கூடத்துச் சனம், வங்கிச் சனம் என்று வீடு கொள்ளவில்லை. கட்டாரில் இருக்கும் ஒரே மகனுக்கு வர முடியவில்லை. போனில் வீடியோவாக அப்பாவின் முகத்தைப் பார்த்து அவன் அழுத அழுகையில் முற்றத்தில் நின்ற ஆம்பளைகளும் கண்ணைத் துடைத்தார்கள். நேசராணி அழவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் முதுகை நிமிர்த்தி, பரீட்சை மண்டபத்தில் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரு மூலையில் அசையாமல் நின்றார்கள். நிஷாலினிக்கு அந்தத் துக்கத்திலும் உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமை.

மயானத்திலிருந்து திரும்பி, காலைக் கழுவி, அக்கம்பக்கத்தார் சமைத்துக் கொண்டுவந்த சோற்றையும் பருப்பையும் சாப்பிட்டுவிட்டு, சனம் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். சாவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. போயிட்டு வர்றேன் என்று சொன்னால் அந்தத் துக்கமும் திரும்பி வரும் என்பார்கள். மாதா கோயிலுக்குப் போகிறவர்களும் சரி, சாமி கும்பிடுகிறவர்களும் சரி, மலைநாட்டில் எல்லாருக்கும் இது ஒரே முறைதான். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் நகர்ந்துவிடுவார்கள். ரஜீவன் லொறியைத் திருப்பிக்கொண்டிருந்தான். நிஷாலினி பிள்ளைகளைத் தேடினாள். காணவில்லை.

அவர்கள் வீட்டுக்காரரைத் தேடிப் போயிருந்தார்கள்.

அறைக்குள் நேசராணி பாயில் உட்கார்ந்திருக்க, சுற்றிலும் பெண்கள். நிஷாலினி நிலைப்படியில் கால்வைத்தபோது ஜூட் வெள்ளைச் சட்டையோடு அத்தைக்கு முன்னால் நின்று கையைக் கூப்பிவிட்டான். அவள் வாயைத் திறப்பதற்குள் எல்லாம் நடந்து முடிந்தது.

"அத்தை, எங்களைக் கூப்பிட்டதுக்கு ரொம்ப நன்றி. பருப்பு நல்லா இருந்துச்சு. நாங்க போயிட்டு, வர்ற செவ்வாய்க்கிழமை வர்றோம்."

தம்பி சொல்லிவிட்டான், தான் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை என்று ஜெனிஷாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். மனசுக்குப் பிடித்த ஒரு விஷயத்தைத் தேடி எடுத்து அவளும் சொன்னாள்.

"மாமா ரொம்ப அழகா இருந்தாங்க, அத்தை."

அறையின் ஒரு மூலையிலிருந்து, ஐயோ ஆண்டவரே என்று ஒரு முனகல். சாவு வீட்டுக்கு யாராவது கூப்பிடுவார்களா என்று ஒருத்தி கேட்டாள். வீட்டுலேயே வச்சுப் படிப்பிச்சா இப்படித்தான் என்று இன்னொருத்தி, நிஷாலினிக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னாள். நேசராணி இரண்டு பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள், அவள் தோள் இரண்டும் குலுங்கத் தொடங்கியது. காலையிலிருந்து அழாத பொம்பளையை அழ வச்சிட்டாங்களே என்று பெண்கள் ஓடிப்போய்ப் பிடித்தார்கள். நிஷாலினி ஆளுக்கொரு கையாகப் பிள்ளைகளைப் பிடித்து வெளியே இழுத்துவந்தாள். பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது அவளுக்கு.

ரஜீவன் லொறியை எடுத்தான். டவுன் தாண்டி மேட்டில் ஏறும்போது, "ஜனவரி" என்றான். அவ்வளவுதான். அவன் கோபப்பட்டிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். அவன் குரலில் இருந்தது வெட்கம். எத்தனையோ வருசத்தில் முதல்முறையாக, நேசராணி சொன்னதுதான் சரியோ என்று நிஷாலினி நினைத்தாள். பழக்கத்தைப் பாடமாகச் சொல்லிக்கொடுத்தால் பாடமாகத்தான் ஒப்பிப்பார்கள் போலிருக்கிறது.

மறுநாள் பிள்ளைகளை உட்காரவைத்து விளக்கினாள். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு வரக் கூடாது, அது முறையில்லை என்றாள். ஜெனிஷாவுக்கு முகம் சிவந்து கண் கலங்கியது, அவளுக்குப் புரிந்துவிட்டது. ஜூட் ஒரு கேள்வி கேட்டான்.

"எல்லாரும் சொல்லாமப் போனா, திரும்பி வருவாங்களா மாட்டாங்களான்னு அத்தைக்கு எப்படித் தெரியும்?"

அதற்கு நிஷாலினி என்னவோ சொல்லிச் சமாளித்தாள். என்ன சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை.

அடுத்து வந்த நாட்களில் ரஜீவன் அக்காவுக்குப் போன் பண்ணிக்கொண்டே இருந்தான். மணி அடிக்கிறது, எடுக்க மாட்டேங்குது என்றான். கோபம் இல்லாமல் வேறு என்னவாக இருக்கும்? ஏழாம் நாள் செபத்துக்குக் குடும்பத்தோடு போவோம், அப்போது காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்கிறேன், அதுவரைக்கும் யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெலிமடைக்கு லொறியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஏழாம் நாள் வியாழக்கிழமைதான். அதற்கு முன்னால் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டதே.

காலையில் நிஷாலினி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வரும்போது ஜூட் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு பையில் வீட்டு மரத்துக் கொய்யா. வெறுங்கையோடு போகக் கூடாதல்லவா.

"எங்க?" என்றாள், தெரிந்துகொண்டே.

"செவ்வாய்க்கிழமை வர்றோம்னு அத்தைக்குச் சொன்னேனே."

போகாதே என்று சொல்வது சுலபம். அப்பா வேண்டாம் என்றார், அத்தை கோபமாக இருக்கிறார், இன்னொரு நாள் பார்க்கலாம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். சொல்லத்தான் வாயெடுத்தாள். இன்னொரு நாள் என்ற வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தபோது அவளுக்கே உறைத்தது. அவள் வாழ்நாளெல்லாம் வெறுத்த 'ஒருநாளைக்கு' அதுதான். சொன்னால் செய்ய வேண்டும் என்று படிப்பித்துவிட்டு, பெரியவர்களுக்குச் சங்கடமாக இருந்தால் செய்ய வேண்டாம் என்று சொல்கிற பாடத்தை எந்த நேரத்தில் வைப்பது, கணக்குக்கு முன்னாலா பின்னாலா? சாவு வீட்டைப் பாடத்தில் சேர்க்காதது அவள் பிழை. பிள்ளை படித்ததில் பிழை இல்லை. கதவை முகத்தில் சாத்தினால் சாத்தட்டும். சாத்துகிற கதவின் முன்னால் எப்படி நிற்பது என்பதையும் இன்றைக்கே படித்துவிடட்டும்.

"ஜெனிஷா, சீப்பெடுத்துத் தலையை இழு. பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள். இடுப்புக்குக் கை தானாகப் போயிற்று.

நேசராணி வீட்டு கேட்டில் வெள்ளைக்கொடி இன்னும் இருந்தது, மழையில் நனைந்து கம்பியோடு ஒட்டிப் போயிருந்தது. முற்றத்தில் அன்றைக்குப் போட்டிருந்த கதிரைகளை எல்லாம் எடுத்துப் போயிருந்தார்கள். வீதியில் ஒரு ஈ காக்கை இல்லை. ஜூட் முன்னால் போய்க் கதவைத் தட்டினான். தட்டிய கையை எடுப்பதற்குள் கதவு திறந்துவிட்டது. உள்ளே கதவுக்குப் பக்கத்திலேயே நின்றிருக்க வேண்டும்.

"பத்து மணி பஸ்ல வருவீங்கன்னு பார்த்தேன்" என்றாள் நேசராணி. "பதினொன்னாகப் போவுது."

"மன்னிக்கணும் அத்தை. பஸ் பிந்திருச்சு" என்றான் ஜூட், பையை இரண்டு கையாலும் நீட்டி.

மேசையில் நான்கு கோப்பை. ஒரு தட்டில் சுடச்சுடத் தேங்காய் ரொட்டி, பக்கத்தில் உறைப்புக் கட்டச்சம்பல், பிள்ளைகளுக்குச் சீனி. நேசராணி தலைவாரி, வெள்ளைச் சேலை மடிப்புக் குலையாமல் கட்டியிருந்தாள். எதிர்பார்த்துக் காத்திருந்த வீடு அது. பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டு நிஷாலினி நாத்தனாரின் பின்னாலேயே குசினிக்குப் போனாள். வழி முழுக்கச் சேர்த்து வைத்திருந்த மன்னிப்பைச் சொல்லத் தொடங்கினாள். இரண்டு வார்த்தைக்கு மேல் நேசராணி விடவில்லை.

"நீ ஒன்னும் பேசாத. நான் சொல்றதைக் கேளு" என்றாள். கேத்தலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அவரு கடைக்குப் போனாலும் என்கிட்ட சொல்லிட்டுத்தான் போவாரு. முன்வாசல்ல நின்னு, நேசா, போயிட்டு வர்றேன்னு ஒரு சத்தம். எனக்கு அது எரிச்சலா இருக்கும். பக்கத்துக் கடைக்குத்தானே போறீங்க, எதுக்கு ஊருக்கே சொல்றீங்கம்பேன். அன்னைக்கு நான் போன்ல இருந்தேன். ஸ்கூல் பேச்சு. அவரு வாசல்ல நின்னு பார்த்தாரு, தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு கையைக் காட்டிட்டுப் போயிட்டாரு. சொல்லல."

கேத்தல் கொதித்தது. அவள் அதை இறக்கவில்லை.

"அப்புறம் வீடு நெறைய சனம். திரும்பிப் பார்த்தா ஒருத்தரும் இல்ல. முறை தெரிஞ்சவங்க, சொல்லாமத்தான் போனாங்க, நான் குத்தம் சொல்லல. நானும் அப்படித்தானே போயிருக்கேன். ஆனா இந்த வீட்டுல இருந்து போறவங்க எல்லாம் சொல்லாமலே போறாங்களேன்னு இருந்துச்சு நிஷா. ஒம்மகன் ஒருத்தன்தான் முன்னால வந்து நின்னு, வர்றேன்னான். என்னைக்குன்னும் சொன்னான். ஜெனிஷா, மாமா அழகா இருந்தாங்கன்னு சொன்னா. எல்லாரும் பாவம் பாவம்னாங்க, அவரை யாரு பார்த்தா? அதுக்குப் பிறகுதான் எனக்கு அழுகையே வந்துச்சு."

இப்போதும் வந்தது. நிஷாலினி கேத்தலை இறக்கிவைத்துவிட்டு நாத்தனாரைக் கட்டிக்கொண்டாள். அவர்கள் இரண்டு பேரும் கட்டிக்கொண்டது அதுதான் முதல்தடவை. கை எங்கே போவது என்று இரண்டு பேருக்கும் கொஞ்சம் தடுமாற்றமாகத்தான் இருந்தது.

"போனை ஏன் அண்ணி எடுக்கல?"

"போன்ல பேசப் பிடிக்கல" என்றாள் நேசராணி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அதோட, எடுத்தா உன் புருசன் மன்னிப்புக் கேட்டு, இன்னைக்குப் பிள்ளைகளை அனுப்பாம விட்டுருவான்."

பகல் சாப்பாடும் அங்கேதான். ஜெனிஷா மாமாவின் பழைய ரேடியோவைத் துடைத்து வைத்தாள். கிளம்பும் நேரம் வந்தபோது நேசராணி குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஜூட் தேடிப் போய் முன்னால் நின்றான். இந்த முறை நிஷாலினி தடுக்கவில்லை, வாசலில் நின்று கேட்டாள்.

"ரொம்ப நன்றி அத்தை. ரொட்டி நல்லா இருந்துச்சு. அடுத்த செவ்வாய்க்கிழமை வர்றோம். டிசம்பர் வரைக்கும் வருவோம். ஜனவரியில இருந்து வர மாட்டோம், எங்களுக்கு ஸ்கூல் இருக்கு."

"யாரு சொன்னா?"

"அப்பா."

நேசராணி ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள். நிஷாலினியை ஒரு பார்வை பார்த்தாள். நேசராணி இத்தனை நாளாகத் தொடாமல் கிடந்த போனை எடுத்து, தம்பிக்கு அழைத்தாள். மறுமுனையில் அவன் பதறுவது குசினி முழுக்கக் கேட்டது. அக்கா, அக்கா என்கிறான், மன்னிப்பு என்கிறான்.

"அதை விடு" என்றாள். வராந்தாவில் ஓடுகிற பிள்ளைகளை நிறுத்துகிற அதே குரல். "ஜனவரியில உன் பிள்ளைகளுக்கு எங்க ஸ்கூல்ல எடம் இல்ல."

"என்னக்கா, நீங்கதானே எடம் எடுத்து வைக்கிறேன்னு..."

"அப்ப சொன்னேன். இப்ப இல்ல. அவங்களுக்குச் செவ்வாய்க்கிழமை வேலை இருக்கு."

போனை வைத்துவிட்டு, ரொட்டியில் மிச்சமிருந்ததை ஒரு பேப்பரில் சுற்றி ஜெனிஷாவின் கையில் கொடுத்தாள். கேட் வரைக்கும் கூடவே வந்தாள். நனைந்து ஒட்டியிருந்த வெள்ளைக்கொடியைக் கம்பியிலிருந்து பிரித்து நேராக்கிவிட்டாள். பிள்ளைகள் பஸ் ஹோல்ட் பக்கம் நடக்கத் தொடங்கினார்கள்.

"போயிட்டு வர்றேன் அண்ணி" என்றாள் நிஷாலினி.

"என்னைக்கு?" என்றாள் நேசராணி.